பனியை ஒரு பையில் கட்டி

இரவு ஒன்றரை மணி. ஊலு நகரம்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
கையுறையைக் கழற்றும் முன்பே கண்ணில் பட்டது,
தொட்டியின் மேல்விளிம்பில் வியர்வை.

மீன்தொட்டிக்கு ஏன் வியர்க்கிறது?

தெர்மாமீட்டரை நம்பாமல் நகத்தால் தட்டினேன்.
முப்பத்து நான்கு.
ஹீட்டரின் திருகு இருபத்தைந்தில்தான் நிற்கிறது,
பூனையும் பால் குடிக்குமா என்பதுபோல.
சிவப்பு விளக்கு மட்டும் அணையவில்லை.
உள்ளே எங்கோ இரண்டு உலோக நாக்குகள்
தீய்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டன.
போதும் என்று சொல்லும் இடம் கருகிவிட்டது.

நியான் மீன்கள் பன்னிரண்டும் மேல்மட்டத்தில்
காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன.
ஏஞ்சல் மீன்கள் ஒருக்களித்துச் சாய்ந்து
செவுளால் மட்டும் உயிரோடிருந்தன.
தொட்டி துடைக்கும் போமோ
கண்ணாடியில் வாய் ஒட்டியபடி
என்னையே பார்த்தது. அல்லது எதையும் பார்க்கவில்லை.

முதலில் பிளக்கைப் பிடுங்கு. பிறகுதான் தண்ணீரில் கை.
ஹீட்டரை உடனே வெளியே எடுக்காதே, சூட்டில் வெடிக்கும்.
டிப்போ வயர்லெஸ்ஸில் பேசும் குரலில்
எனக்கு நானே உத்தரவிட்டேன்.

பதினேழு வருடமாகப் பனியைத் தள்ளுகிறவள் நான்.
நடுத்தெருவிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து லாரிக்கு,
லாரியிலிருந்து ஊருக்கு வெளியே.
ஒரு கையளவும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.
இன்று பால்கனிக்கு ஓடி
வெறுங்கையால் அள்ளினேன்.

பையில் அடைத்து, தலைமுடி ரப்பரால் வாயைக் கட்டி
மிதக்கவிட்டேன்.
அப்படியே கொட்டிவிடலாமென்று கை பரபரத்தது.
வெந்த உடம்போடு பனியில் குதித்துக் கூவுவது
சவுனாவிலிருந்து வரும் எங்களுக்குச் சரி.
மீனுக்கு அந்த வழக்கமில்லை.
மணிக்கு இரண்டு டிகிரி.
அவசரப்பட்டால் இரக்கமும் கொல்லும்.

காற்றுப் பம்பை முழு வேகத்தில் திருப்பியதும்
கீழ்வீட்டிலிருந்து துடைப்பக்கட்டை இடித்தது.
எப்போதும் மூன்று இடி. இன்று ஐந்து.
பிறகு எய்னோவே வந்துவிட்டார்,
கம்பளிக் கோட்டுக்குக் கீழே வெறுங்காலோடு.
திட்ட வாயெடுத்தவர் தொட்டியைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

திரும்பி வந்தபோது கையில் மேசை விசிறி.
ஜனவரியில்.
கிடங்கிலிருந்து, சென்ற கோடையின் தூசியோடு.
பழைய செய்தித்தாள்களை அடுக்கி
நீர்ப்பரப்பில் காற்று உரசும் உயரத்துக்கு ஏற்றினார்.
நான் சமையலறை ஜன்னலை ஒரு விரல் திறந்தேன்.
வீடெல்லாம் ஆவி. காப்பி ஆறிப்போயிற்று.
இருவரும் கோட்டைக் கழற்றவில்லை.

மூன்று மணிக்கு முப்பத்தொன்று.
நான்கரைக்கு இருபத்தெட்டு.
இடையில் ஏழு நியான்களை வலையில் எடுத்தேன்.
காப்பித் தட்டில் வரிசையாய் வைத்தபோது
நீலக்கோடு இன்னும் கொஞ்ச நேரம் எரிந்தது.
எய்னோ எண்ணினார். பிறகு மறுபடி எண்ணினார்,
கூட்டல் தவறாயிருக்கலாம் என்பதுபோல.

ஆறு மணிக்கு இருபத்தைந்து.
ஏஞ்சல்கள் நிமிர்ந்தன. போமோ இடம் மாறியது.
விசிறியை அணைத்தேன், ஜன்னலைச் சாத்தினேன்,
தண்ணீர் அங்கே நிற்கவில்லை.

இருபத்து நான்கு.
இருபத்து மூன்று.

மீன்கடை திறக்கப் பத்து மணியாகும்.
இரவெல்லாம் விரட்டிய சூட்டை
இப்போது வா வா என்று கெஞ்ச வேண்டியிருந்தது.
என் படுக்கையின் குயில்ட்டைத் தொட்டிக்குச் சுற்றினேன்,
எய்னோ வெந்நீர்ப் பைகள் கொண்டுவந்தார்,
தெர்மாமீட்டரை நான் பார்த்துக்கொள்கிறேன்,
ஒரு மணி நேரம் தூங்கு ரைலி என்றார்.
இந்த வீட்டில் என் பெயரை
அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை.

தூக்கம் வரவில்லை.
ஹீட்டர் சமையல் தொட்டியில் கிடந்தது,
திருகு இன்னும் இருபத்தைந்தில்.
ரப்பர் கட்டிய பையில்
பனி தண்ணீராகியிருந்தது.
அதைச் சாய்த்துக் கொட்ட மனமில்லை.
பால்கனியில் கொண்டுபோய் வைத்தேன்,
திரும்ப உறையட்டும் என்று.